'குவாண்டம் ஆஃப் சோலஸ்' நிஜமாகவே மோசமான பாண்ட் படமா?
மோசம் என்று ஒதுக்க முடியாது. சரியாக வேகாத படம். 2007 நவம்பரில் ஹாலிவுட் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கியதால், திரைக்கதையைச் செப்பனிட ஆளில்லாமல் போனது. வில்லன் டொமினிக் கிரீன் பொலிவியாவின் தண்ணீரை வளைப்பது அருமையான சதி. ஆனால் வறண்ட குழாயடியில் நிற்கும் ஊர்மக்களைச் சில நொடிகளே காட்டுகிறார்கள்.

தொடக்கக் கார் துரத்தலில் எந்த வண்டி யாருடையது என்று பிடிபடுவதற்குள் ஷாட் மாறிவிடுகிறது. அதே இயக்குநர் மார்க் ஃபார்ஸ்டர், ஆஸ்திரியாவின் பிரெகென்ஸ் நகரில் நடக்கும் ஓபரா (இசை நாடக) காட்சியில் நிதானிக்கிறார். பாண்டின் குரல் கேட்டு எதிரிகள் எழுந்து வெளியேற, அவர் அவர்களைப் படமெடுக்கிறாரே, அது இந்தத் தொடரின் உச்சங்களில் ஒன்று!

2006இல் வந்த முந்தைய பாண்ட் படமான 'கேசினோ ராயல்' பார்த்த கையோடு இந்த 106 நிமிடத்தையும் பாருங்கள். அதில் வரும் பாண்டின் காதலி வெஸ்பரின் சாவு மனதில் ஆறாமல் இருந்தால்தான் பாண்டின் கோபம் புரியும்.