பூண்டுக் காசுக்குப் பெரியகுளம் வரை இறங்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு 54 வயது. ஊர் பூம்பாறை. வீட்டுக்காரர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. 2024 ஏப்ரலில் வடுகபட்டி வியாபாரி ஒருவர் எங்கள் ஊருக்கே வண்டியோடு வந்தார். கோயில் தெருவில் வைத்து எடை போட்டு 480 கிலோ மலைப்பூண்டு எடுத்துப் போனார். கிலோ 225 ரூபாய் என்று பேச்சு. கையில் 10,000 கொடுத்தார், மீதி ஒரு மாசத்தில் என்றார். அப்புறம் ஒரு தீபாவளிக்கு மகன் போனுக்கு ஜிபேயில் 14,000 போட்டார். அதோடு சரி. 84,000 ரூபாய் நிற்கிறது. ஸ்டேஷனில் "இது சிவில், கோர்ட்டுக்குப் போங்க" என்றார்கள். அவர் ஊர் கோர்ட்டில்தான் கேஸ் போட முடியும், பெரியகுளத்துக்கு நடையாய் நடக்க வேண்டும், வருகிற காசு வக்கீலுக்கும் பஸ்ஸுக்கும் சரியாகிவிடும், விட்டுவிடு என்கிறார்கள் சொந்தக்காரர்கள். என்னிடம் எடை எழுதிய துண்டுச் சீட்டு ஒன்றும், வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்களும் இருக்கின்றன. விட்டுவிடலாமா?
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

பதில்: விடாதீர்கள் அம்மா. உங்கள் சொந்தக்காரர்கள் அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர்கள் சொன்னதில் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. அதை முதலில் சரி செய்துவிடுகிறேன்.

பிரதிவாதி குடியிருக்கும் ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்பது பாதிச் சட்டம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு இன்னொரு வழியும் வைத்திருக்கிறது. வழக்குக்குக் காரணமான சங்கதி முழுவதுமாகவோ ஒரு பகுதியாகவோ எந்த ஊரில் நடந்ததோ, அந்த ஊர் கோர்ட்டிலும் போடலாம். உங்கள் விஷயத்தில் விலை பேசியது பூம்பாறையில். எடை போட்டது பூம்பாறையில். சரக்கு கைமாறியதும், முன்பணம் கொடுத்ததும் அங்கேதான். ஆகவே கொடைக்கானல் மாவட்ட உரிமையியல் நீதிமன்றம், அதாவது நம் ஆட்கள் சொல்லும் முன்சீப் கோர்ட், உங்கள் வழக்கை எடுத்துக்கொள்ளும். மலை இறங்கிப் பெரியகுளம் போகவேண்டியது நீங்கள் அல்ல, மலை ஏறி வரவேண்டியது அவர். மனு எழுதும் வக்கீலிடம் "எடை போட்ட இடம் பூம்பாறை" என்பதைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரிதான் உங்கள் பஸ் பயணத்தைத் தீர்மானிக்கப் போகிறது.

அடுத்தது செலவு. கோர்ட் கட்டணம் என்றாலே எல்லாரும் பயப்படுகிறார்கள். தமிழ்நாட்டில் பண வழக்குக்கு நூற்றுக்கு ஏழரை ரூபாய் என்று இருந்ததை 2017இல் மூன்று ரூபாயாகக் குறைத்துவிட்டார்கள். 84,000க்குக் கணக்குப் போட்டால் 2,520 ரூபாய். வட்டியும் சேர்த்துக் கேட்டால் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். அந்தப் பணத்தையும் நீங்கள் கையிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 1987இன் 12ஆம் பிரிவின்படி பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. வருமானச் சான்றிதழ் கேட்க மாட்டார்கள். பெண் என்ற ஒன்றே போதும். பட்டியல் சாதி, பழங்குடி மக்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கும் அப்படித்தான். கொடைக்கானல் கோர்ட் வளாகத்தில் இருக்கும் வட்ட சட்டப்பணிகள் குழுவில் போய்ச் சொன்னால் வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள், கோர்ட் கட்டணத்தையும் பார்த்துக்கொள்வார்கள். அந்த வக்கீல் உங்களிடம் தனியாகப் பணம் கேட்கக் கூடாது. கேட்டால் கூச்சப்படாமல் குழுவிலேயே புகார் சொல்லுங்கள். கிளம்பும் முன் விவரம் வேண்டுமென்றால் 15100 என்ற இலவச எண்ணில் கேட்டுக்கொள்ளலாம்.

வழக்குப் போடுவதற்கு முன்னால், அதே குழுவில் லோக் அதாலத்துக்கு ஒரு மனு கொடுங்கள். கோர்ட்டில் கேஸ் இல்லாமலேயே இதைக் கேட்கலாம். அவருக்கு நோட்டீஸ் போகும், இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசுவார்கள். சம்மதித்து ஒரு தொகைக்குக் கையெழுத்துப் போட்டால், அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம். மேல்முறையீடு கிடையாது, கட்டணமும் இல்லை. தவணையாகத் தருகிறேன் என்று சொன்னால், எந்தத் தேதியில் எவ்வளவு, ஒரு தவணை தவறினால் மொத்தமும் வட்டியோடு உடனே தர வேண்டும் என்பதையும் எழுத வையுங்கள். இந்தக் கடைசி வரி இல்லாத சமரசங்களால் பட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

ஆனால் லோக் அதாலத் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. அவர் வராவிட்டால் அங்கே வேலை முடிந்தது. அதற்குள் உங்கள் காலக்கெடு ஓடிக்கொண்டே இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். விற்ற சரக்கின் விலையைக் கேட்க மூன்று வருஷம்தான் அவகாசம். ஒரு மாசத் தவணை சொன்னதால் அந்த மாசம் கழித்துத்தான் கணக்கு ஆரம்பிக்கிறது என்று வாதாட இடமுண்டு. இருந்தாலும் அந்த வாதத்தை நம்பி இருக்க வேண்டாம், பூண்டு போன நாளிலிருந்தே எண்ணுங்கள். 2027 ஏப்ரலுக்குள் மனு கோர்ட்டில் ஏறியிருக்க வேண்டும்.

"இடையில் 14,000 போட்டாரே, அதிலிருந்து புதிதாக மூன்று வருஷம் கிடைக்காதா?" என்று உங்கள் மகன் கேட்கக்கூடும். காலவரையறைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு அப்படிச் சொல்லத்தான் செய்கிறது. ஆனால், பணம் கொடுத்ததைக் கொடுத்தவர் தன் கைப்பட எழுதியிருக்க வேண்டும், அல்லது அதைச் சொல்லும் எழுத்தில் அவர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் அதில் இருக்கிறது. ஜிபே ரசீது அதற்குப் போதுமா என்று எதிர்த்தரப்பு வக்கீல் நிச்சயம் கிளப்புவார். அந்தச் சண்டைக்கே இடம் கொடுக்காதீர்கள். முடிந்தால் அவரிடம் "84,000 பாக்கி" என்று ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வாங்குங்கள். கெடு முடிவதற்குள் வாங்கினால் அந்தத் தேதியிலிருந்து மூன்று வருஷம் புதிதாகக் கிடைக்கும். புரோநோட்டே எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. அதை வைத்துச் சுருக்க விசாரணை வழக்குப் போடலாம். அந்த வகை வழக்கில் பிரதிவாதி பத்து நாளுக்குள் ஆஜராக வேண்டும், எதிர்வாதம் செய்வதற்கே கோர்ட்டின் அனுமதி வாங்க வேண்டும். வெறும் எடைச் சீட்டை வைத்து அந்த வழியில் போவது சிரமம்.

செக் கொடுத்தால் அதைக் கொடைக்கானலில் இருக்கும் உங்கள் வங்கிக் கணக்கிலேயே போடுங்கள். திரும்பி வந்தால், தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்த பிறகு அவருக்கு 15 நாள், அப்புறம் ஒரு மாதத்துக்குள் வழக்கு. 2015இல் வந்த திருத்தத்தால், அந்த வழக்கு உங்கள் வங்கிக் கிளை இருக்கும் ஊரில்தான் நடக்கும்.

எதுவும் தராமல் இழுத்தால் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிடுங்கள். அதில் பாக்கியோடு வட்டியும் வேண்டும் என்று கேளுங்கள். வட்டி பற்றி நீங்கள் முன்பு பேசிக்கொள்ளாவிட்டாலும், எழுத்தில் கேட்ட நாளிலிருந்து வட்டி கொடுக்க 1978ஆம் வருஷ வட்டிச் சட்டம் இடம் தருகிறது.

இப்போது அலைச்சல். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் உறுத்தியது அதுதான். மன்னவனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். உருளைக்கிழங்கு விற்ற பணத்துக்கான வழக்கு, நாலு வருஷமாக நடக்கிறது. மஞ்சள் பையிலிருந்து ஒரு ரப்பர் பேண்டு போட்ட கட்டை எடுத்து மேஜையில் வைத்தார். அத்தனையும் பஸ் டிக்கெட். வாய்தாவுக்கு வாய்தா முதல் பஸ்ஸில் வந்து, கோர்ட் வராந்தாவில் நின்று, பெயரைக் கூப்பிட்டு அடுத்த தேதி சொன்னதும் திரும்பிப் போயிருக்கிறார். ஒவ்வொரு டிக்கெட்டும் ஒரு நாள் கூலி. கோர்ட் கட்டணமாக அவர் கட்டியது அந்தக் கட்டில் பத்தில் ஒரு பங்கு கூட இருக்காது. அவரிடம் யாரும் சொல்லாத விஷயம் இது: ஒவ்வொரு வாய்தாவுக்கும் வாதி வரவேண்டிய அவசியமே இல்லை. வக்காலத்துப் போட்டுவிட்டால் வக்கீல் ஆஜரானால் போதும். உங்களை நேரில் பார்க்க வேண்டியது முக்கியமாகக் குறுக்கு விசாரணை நாளில்தான். முதல் விசாரணை சாட்சியமும் இப்போது பிரமாணப் பத்திரமாக எழுதித் தாக்கல் செய்வதுதான். அடுத்த தேதி என்ன என்பதை ஈ-கோர்ட்ஸ் செயலியில் 16 எழுத்து கொண்ட சி.என்.ஆர். எண்ணை, அதாவது உங்கள் வழக்குக்கென்றே தரும் அடையாள எண்ணைப் போட்டு உங்கள் மகனே வீட்டிலிருந்து பார்க்கலாம். வழக்கு எண் கிடைத்த அன்றே அந்த எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வாய்தா மேல் வாய்தா வாங்குவதைத் தடுக்கச் சட்டமும் இருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தங்கள், விசாரணையில் ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாது என்றன. எதிர்வாதம் தாக்கல் செய்ய 30 நாள், மிஞ்சிப்போனால் 90 நாள் என்றன. அந்தத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது நம் சேலம் வழக்கறிஞர் சங்கம். 2005இல் வந்த தீர்ப்பு திருத்தங்கள் செல்லும் என்றது. ஆனால் தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் கெடுவைத் தளர்த்தலாம் என்றும் சொன்னது. தளர்த்தலாம் என்பதை மட்டும் எல்லாரும் பிடித்துக்கொண்டோம். வக்கீல்களாகிய எங்களுக்கும் அதில் பங்கு உண்டு.

அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. ஜெயித்தவருக்குக் கொடுக்கும் செலவுத்தொகை உண்மையான செலவாக இருக்க வேண்டும், அவர் இழந்த நேரம், போக்குவரத்து, தங்கிய செலவு எல்லாம் அதில் சேர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே டிக்கெட்டைத் தூக்கி எறியாதீர்கள். வந்த தேதி, பஸ் கட்டணம், அன்றைக்குத் தோட்டத்து வேலைக்கு ஆள் வைத்திருந்தால் அந்தக் கூலி, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். காரணமில்லாமல் எதிர்த்தரப்பு வாய்தா கேட்கும்போது, அன்றைய செலவைக் கொடுத்துவிட்டு வாங்கட்டும் என்று உங்கள் வக்கீல் கோர்ட்டில் கேட்க வேண்டும். கேட்காமல் எந்தக் கோர்ட்டும் தராது.

ஆனால் பொய்வாதம் செய்தவருக்கு விதிக்கும் ஈட்டுத்தொகைக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 35ஏ பிரிவு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது: 3,000 ரூபாய். 1976இல் வைத்த தொகை, இன்று வரை அப்படியே. "பூண்டே வாங்கவில்லை" என்று அவர் வேண்டுமென்றே பொய் சொல்லி நாலு வருஷம் இழுத்தாலும், அந்தப் பிரிவில் அதற்கு மேல் போட வழியில்லை. வணிக நீதிமன்றங்களுக்கு 2015இல் தனிச் சட்டம் கொண்டுவந்தபோது, அங்கே நடக்கும் வழக்குகளுக்கு மட்டும் இந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். அந்தக் கோர்ட்டுக்குப் போகக் குறைந்தது மூன்று லட்ச ரூபாய் வழக்காக இருக்க வேண்டும். பெரிய கம்பெனியின் நேரத்துக்கு முழு விலை, பூம்பாறை அம்மாவின் நேரத்துக்கு 3,000 ரூபாய். இதை எப்படி நியாயம் என்று ஏற்றுக்கொள்வது? நீதி மலிவாக வேண்டும் என்று பேசுகிறவர்கள் முதலில் கை வைக்க வேண்டியது இந்தப் பிரிவில்தான். வீணாக இழுத்தால் நம் பணம் போகும் என்று தெரிந்தால், 84,000க்காக யாரும் நாலு வருஷம் வாய்தா வாங்க மாட்டார்கள்.

கிராம நியாயாலயச் சட்டம் என்று ஒன்று 2008இல் வந்தது, 2009 அக்டோபர் 2 முதல் அமலில் இருக்கிறது. நீதிபதி ஊர் ஊராகப் போய் விசாரிக்க வேண்டும். கட்டணம் 100 ரூபாய்க்கு மேல் கூடாது. ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும். மாதம் ஒரு நாள் ஒரு நீதிபதி ஜீப்பில் பூம்பாறைக்கு வந்து, எடை போட்ட அதே தெருவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால், உங்கள் வழக்குக்குச் சாட்சி தேட வேண்டுமா என்ன? பார்த்தவர்கள் அங்கேயே நிற்பார்கள். நம் மலைக்கு அந்தக் கோர்ட் இன்னும் ஏறி வரவில்லை.

தீர்ப்பு வந்தபின் பணம் தானாக வராது, நிறைவேற்று மனு போட வேண்டியிருக்கும். அவருடைய கடையும் சொத்தும் தேனி மாவட்டத்தில் இருப்பதால், தீர்ப்பாணையை இங்கிருந்து அங்கே மாற்றி அனுப்பக் கேட்கலாம். அப்போதுதான் பெரியகுளம் வருகிறது, அங்கும் வக்கீல் மூலமே நடத்தலாம். நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. மனுவிலேயே அதை எடுத்துச் சொல்லச் சொல்லுங்கள். வழக்கு நடக்கும்போதே அவர் இறங்கி வந்து சமரசம் ஆனால், கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும். வெளியே தாங்களாகப் பேசி முடித்துக்கொண்டாலும் அது உண்டு என்று அதே 2021இல், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது.

இப்போது செய்ய வேண்டியது: எடை போடும்போது உடன் இருந்த இரண்டு பேரின் பெயரை எழுதி வையுங்கள். மகனிடம் அந்த போனை விற்கவோ மாற்றவோ வேண்டாம் என்று சொல்லுங்கள். வாய்ஸ் மெசேஜைக் கோர்ட்டில் காட்ட ஒரு சான்றிதழ் தேவைப்படும், அதற்கு மூலப் பதிவு அந்த போனிலேயே இருப்பது நல்லது. துண்டுச் சீட்டை ஜெராக்ஸ் எடுத்துவிட்டு, அசலை ஒரு கவரில் போட்டு வையுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள்.

அடுத்த முறை கொடைக்கானலுக்கு ஏதாவது வேலையாக வரும்போது, ஆதார் அட்டையோடு இவற்றையும் எடுத்துக்கொண்டு கோர்ட் வளாகத்துக்குப் போங்கள். காலையிலேயே போனால், லோக் அதாலத் மனுவை அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டு மாலை பஸ்ஸுக்கு ஊர் திரும்பிவிடலாம். அந்த டிக்கெட்டையும் எடுத்து வையுங்கள்.