பத்தாயிரம் குறையும், கடை வேலைக்குப் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. ஊர் குழித்துறை அருகே. பி.ஃபார்ம் முடித்து, திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் மருத்துவமனை ஃபார்மசியில் எட்டேகால் வருடமாக வேலை பார்க்கிறேன். சம்பளம் 32,000 ரூபாய். அதில் அடிப்படை 18,000. மூன்று ஷிஃப்ட், மாறி மாறி நைட் டியூட்டி, போய்வர மூன்று மணி நேரம். வார்டு இண்டென்ட் (வார்டுகள் கேட்கும் மருந்துப் பட்டியல்), டிஸ்சார்ஜ் பில், ஆடிட் என்று ஓட்டம் ஓயவில்லை. போன மாதம் ஒரு நைட்டில் டோபமைன் கேட்ட இடத்துக்கு டோபுடமைன் எடுத்துக் கொடுத்துவிட்டேன். நர்ஸ் பார்த்ததால் ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து சரியான தூக்கம் இல்லை. இப்போது களியக்காவிளையில் ஒரு மெடிக்கல் ஸ்டோரில் 22,000 ரூபாய்க்குக் கூப்பிடுகிறார்கள். காலை 9.30 முதல் மாலை 6.30 வரை, ஞாயிறு லீவு. “ஆஸ்பத்திரி வேலையை விட்டுட்டு கடையில போய் நிக்கவா இவ்வளவு படிச்சே?” என்கிறார் மாமியார். இரண்டு குழந்தைகள். போகலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

போகலாம் என்றே சொல்வோம். அதற்கு முன் கடைக்காரரிடம் ஒன்றைக் கேட்டாக வேண்டும். கடை எத்தனை மணிக்குத் திறந்து எத்தனை மணிக்கு மூடுகிறது, நீங்கள் இல்லாத நேரத்தில் மருந்து எடுத்துக் கொடுப்பது யார்? உங்கள் கடிதத்தில் இதற்குப் பதில் இல்லை. இந்த வேலை நிம்மதியா, புதுத் தலைவலியா என்பது இதில்தான் இருக்கிறது.

மருத்துவர் சீட்டுக்கான மருந்தைப் பதிவுபெற்ற மருந்தாளுநரின் நேரடி மேற்பார்வையில்தான் கொடுக்க வேண்டும் என்கின்றன 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகள். 1948ஆம் ஆண்டின் ஃபார்மசி சட்டம் 42ஆம் பிரிவும் அதையேதான் சொல்கிறது. கடையின் உரிமத்தில் தகுதிபெற்ற நபராக உங்கள் பெயர் ஏறும். காலை 8 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும் கடையில் நீங்கள் ஒருவர் மட்டுமே மருந்தாளுநர் என்றால், மாலை 6.30க்கு நீங்கள் கிளம்பிய பிறகும் அந்தப் பெயர் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும். இரவு ஒன்பது மணிக்கு ஒரு பையன் தூக்க மாத்திரையை எடுத்து நீட்டினால், மறுநாள் மருந்து ஆய்வாளர் கேள்வி கேட்பது உங்களையும்தான். ஞாயிறு லீவும் அப்படியே. இரண்டாவது மருந்தாளுநர் உண்டு, அவர் பெயரும் உரிமத்தில் இருக்கிறது என்றால் கவலை இல்லை. “அதெல்லாம் நாங்க பாத்துக்கிடுவோம்” என்று பதில் வந்தால், அவர்களுக்குத் தேவை உங்கள் சர்டிபிகேட், நீங்கள் அல்ல. அந்த இடத்துக்கு 35,000 கொடுத்தாலும் போகாதீர்கள். மருந்தாளுநர் பதிவேட்டிலிருந்து உங்கள் பெயரை நீக்க அதே ஃபார்மசி சட்டத்தின் 36ஆம் பிரிவு மாநில ஃபார்மசி கவுன்சிலுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. அது போனால் ஆஸ்பத்திரி வேலையும் கிடைக்காது, கடை வேலையும் கிடைக்காது.

இதே காரணத்தால் வெற்று பில் புத்தகத்தில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைக்காதீர்கள். டிகிரி சான்றிதழின் அசலைக் கடையில் ஒப்படைக்க வேண்டாம். கடையில் மாட்டுவதற்குப் பதிவுச் சான்றிதழைக் கொடுத்தால், விலகும் அன்றே திருப்பி வாங்கிவிடுங்கள். தகுதிபெற்ற ஊழியர் மாறினால் ஒரு மாதத்துக்குள் உரிமம் வழங்கும் அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டியது கடைக்காரர் பொறுப்பு. அவர் தெரிவிப்பார் என்று இருந்துவிடாமல், நீங்களும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லையோரத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. இத்தனை வருடம் கேரளத்தில் வேலை செய்ததால் உங்கள் பதிவு கேரள மாநில ஃபார்மசி கவுன்சிலில் இருக்கும். களியக்காவிளை தமிழ்நாடு. பாறசாலை கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் கவுன்சில் வேறு. வேறு மாநிலத்தில் பதிவுபெற்றவர் இங்கே பெயர் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. பழைய தமிழ்நாட்டுப் பதிவு இருந்தால் அது உயிரோடு இருக்கிறதா, புதுப்பித்தல் நிலுவை உண்டா என்று பாருங்கள். ராஜினாமாக் கடிதம் கொடுப்பதற்கு முன்பே இதைத் தொடங்குங்கள். பதிவு கைக்கு வராமல் கவுன்டரில் நிற்க முடியாது. இடையில் ஒரு மாதம் சம்பளமில்லாமல் போய்விடும்.

இனி பணம். குறைவது பத்தாயிரம் என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவ்வளவு இல்லை. இப்போது 8 மணி நேர ஷிஃப்ட், பொறுப்பு மாற்ற முக்கால் மணி, பயணம் 3 மணி என்று நாளொன்றுக்கு 11 மணி 45 நிமிடம் போகிறது. 26 நாளுக்குச் சுமார் 305 மணி நேரம். பஸ், ஆட்டோவுக்கு 3,000, கேன்டீனுக்கு 1,500 என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 27,500. மணிக்கு 90 ரூபாய். கடையில் 9 மணி நேரம், போய்வர 40 நிமிடம். மாதம் 251 மணி. பஸ் செலவு 600 போக 21,400. மணிக்கு 85 ரூபாய். ஆக நேரத்துக்கு நேரம் பார்த்தால் வித்தியாசம் ஐந்து ரூபாய்தான். மாதம் 54 மணி நேரம் உங்கள் கைக்குத் திரும்பி வருகிறது. தொகைகளை உங்கள் உண்மைச் செலவுக்கு மாற்றி ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

இந்தக் கணக்கு கண்ணில் காட்டாத இழப்பு பி.எஃப். 20 பேராவது வேலை செய்யும் நிறுவனத்துக்குத்தான் அது கட்டாயம். மூன்று பேர் நிற்கும் மெடிக்கலில் இருக்காது. 15,000 உச்சவரம்பில் 12 சதவீதம் என்றால் முதலாளி பங்கு மாதம் 1,800 இனி வராது. அதையும் சேர்த்தால் உண்மையான குறைவு சுமார் 7,900. இ.எஸ்.ஐ.யும் கிடையாது, 10 பேருக்குக் கீழான கடை, 21,000க்கு மேல் சம்பளம், இரண்டு காரணமும் தடுக்கும். மருத்துவமனையில் ஊழியர் குடும்பத்துக்குச் சிகிச்சைச் சலுகையோ குழுக் காப்பீடோ இருந்தால் அதுவும் போகும். வேலையை விடுவதற்கு முன்பே குடும்பத்துக்கு ஒரு மருத்துவக் காப்பீடு எடுங்கள். புதிய பாலிசியில் பழைய நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு என்பதால் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

பி.எஃப். பென்ஷனில் உங்களுக்கு ஒரு சங்கடமான இடம். மாதப் பென்ஷன் வர 10 வருட சேவை வேண்டும். ஆறு மாதமும் அதற்கு மேலும் ஒரு வருடமாகக் கணக்கில் சேரும் என்பதால் ஒன்பதரை வருடம் போதும். உங்களுக்கு எட்டேகால் ஆகியிருக்கிறது. பாக்கி ஒன்றேகால் வருடம். அதற்காக நைட் டியூட்டியில் கிடக்க வேண்டுமா? 15,000 உச்சவரம்பில் 10 வருடத்துக்குக் கிடைப்பது 15,000 × 10 ÷ 70, அதாவது 58 வயதிலிருந்து மாதம் சுமார் 2,143 ரூபாய். இந்தத் தொகைக்காகத் தூக்கமில்லாமல் இன்னும் பதினைந்து மாதம் இருங்கள் என்று எங்களால் சொல்ல முடியாது. பென்ஷன் பணத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள். படிவம் 10சி கொடுத்து ஸ்கீம் சர்டிபிகேட் வாங்கிக்கொண்டால், பின்னால் பி.எஃப். உள்ள எந்த வேலையில் சேர்ந்தாலும் பழைய எட்டு வருடம் ஒட்டிக்கொள்ளும். கிராஜுவிட்டி உங்களுக்கு உறுதியாக உண்டு: 18,000 × 15 ÷ 26 × 8, சுமார் 83,000 ரூபாய். எழுத்தில் கேளுங்கள், 30 நாளுக்குள் தர வேண்டும். அதைத் தொடாமல் வைத்தால் மாதம் 7,900 பள்ளத்தைப் பத்து மாதம் அடைக்கும். அதற்குள் வீட்டுச் செலவு புதிய சம்பளத்துக்குப் பழகிவிடும்.

கடைக்கு 22,000 கொடுக்கும் தெம்பு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். சில்லறை மருந்துக்கடைக்கு மருந்தில் லாபமாக நிற்பது பொதுவாக 16 முதல் 20 சதவீதம். 18 என்று வைத்தால், நாளுக்குப் பத்தாயிரம் ரூபாய் விற்கும் கடையில் 1,800, மாதம் 54,000. வாசலில் ‘10% தள்ளுபடி’ போர்டு தொங்கினால் அதில் 30,000 போய்விடும். மிச்சம் 24,000. அதிலிருந்து வாடகையும் கரண்ட் பில்லும் கட்டிவிட்டு உங்களுக்கு 22,000 எங்கிருந்து வரும்? நான்காவது மாதம் சம்பளம் இழுக்கத் தொடங்கும். நாள் விற்பனை 25,000 இருந்தால் தள்ளுபடிக்குப் பிறகும் 60,000 நிற்கும். அந்தக் கடை தாங்கும்.

நேரம் 9.30 முதல் 6.30 என்பதை எழுத்தில் வாங்குங்கள். “சாயந்திரம்தான் கூட்டம், மத்தியானம் போயிட்டு நாலு மணிக்கு வாங்களேன்” என்று மாறுவதுதான் கடை வேலையில் வழக்கமாக நடக்கும் கெடுதல். காலை 9 முதல் 1, மாலை 4 முதல் 9.30 என்று வைத்தால் வேலை ஒன்பதரை மணி நேரம்; நாள் முழுக்கக் கடைக்கே போய்விடும். தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டப்படி நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. அதற்கு மேல் இரட்டைச் சம்பளம். அப்போதும் வாரம் 54 மணியைத் தாண்டக் கூடாது, இடைவேளையும் சேர்த்து ஒரு நாள் 12 மணி நேரத்துக்கு மேல் நீளக் கூடாது. மேலே சொன்ன நேரம் இரண்டையும் மீறுகிறது. உட்கார நாற்காலியும் கேளுங்கள். கேரளம் 2018இல் கடை ஊழியருக்கு இருக்கை உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாடு 2021இல் கொண்டுவந்தது. கால் நரம்பு சுருண்ட பிறகு கேட்டுப் பயனில்லை.

அந்த டோபமைன் விஷயத்துக்கு வருகிறோம். உங்கள் முடிவின் அடியில் அதுதான் கிடக்கிறது என்று நினைக்கிறோம். பெயர் ஒன்றுபோல் ஒலிக்கும் மருந்துப் பட்டியல்களில் அந்த ஜோடி தவறாமல் இருக்கும். அடுத்தடுத்த தட்டில் வைத்து, தனி நிற லேபிள் ஒட்டாமல், தனி ஆளாக இரவில் எடுக்கச் சொன்னால் யாருக்கும் கை மாறும். நோயாளிக்குப் போகும் முன் நர்ஸ் சரிபார்த்தது ஏற்பாடு வேலை செய்தது என்பதற்கு அடையாளம். எழுத்தில் ரிப்போர்ட் கொடுத்தீர்களா? இல்லையென்றால் விலகும் முன் கொடுங்கள். உங்களுக்குப் பின் வருபவருக்காவது அந்தத் தட்டு மாறட்டும். இதனால் நீங்கள் தொழிலுக்கு லாயக்கற்றவர் ஆகிவிடவில்லை. தூக்கமின்மை ஒரு மாதத்தைத் தாண்டிவிட்டதால், வேலை மாறினாலும் மாறாவிட்டாலும் ஒரு மருத்துவரைப் பாருங்கள்.

கடையில் பிழை வராது என்று நினைத்துப் போகாதீர்கள். அங்கே உங்களுக்குப் பின்னால் சரிபார்க்க நர்ஸ் இல்லை. மாத்திரை நேராக வீட்டுக்குப் போய்விடும். இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். குப்பி மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். சர்க்கரை இறங்கி ஆள் சாய்ந்துவிடுவார். மாற்றி 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடியில் 20 கோடு இழுத்தால் 8 யூனிட்தான் போகும். இரண்டும் கவுன்டரில் நடக்கும் தவறு. மூட்டுவாதத்துக்கான மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறை. கவரில் ‘தினம் 1’ என்று எழுதிவிட்டால் உயிருக்கு ஆபத்து. என்ன கிழமை என்று எழுதிக் கொடுங்கள். சர்க்கரை மாத்திரைகளில் பெயருக்குப் பின் வரும் எம்1, எம்2 எழுத்துகளைச் சீட்டோடு ஒப்பிட்டு வாய்விட்டுப் படியுங்கள். மருத்துவமனையில் பழகிய இந்தக் கண்தான் அந்தக் கடைக்கு நீங்கள் கொண்டுபோகும் சொத்து. மாமியாரிடமும் இதையே சொல்லலாம்: அங்கே மருத்துவருக்கும் நோயாளிக்கும் நடுவில் நிற்கும் கடைசி ஆள் நீங்கள்.

மன அழுத்தம் வேறு உருவத்தில் வரும். கேரளத்தில் 2024 ஜனவரியில் தொடங்கிய ‘ஆபரேஷன் அம்ருத்’, சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்பதைத் தடுக்கும் சோதனை. பாறசாலைக் கடையில் மறுக்கப்பட்டவர் எல்லை தாண்டி வந்து உங்கள் கவுன்டரில் கேட்டால் என்ன செய்வீர்கள்? சட்டம் இரு பக்கமும் ஒன்றே. எச்1 பட்டியல் மருந்துகளுக்கு, அதாவது மருந்து விதிகள் கூடுதல் கட்டுப்பாடு வைத்திருக்கும் மருந்துகளுக்கு, மருத்துவர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு எழுதிய தனிப் பதிவேடு மூன்று வருடம் இருக்க வேண்டும். “சீட்டு இல்லாமல் கொடுக்க மாட்டேன், அப்போது நீங்கள் என் பக்கம் நிற்பீர்களா?” என்று கடைக்காரரிடம் சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

சேர்வதற்கு முன் இரண்டு நாள் லீவு போட்டு அந்தக் கடையில் நின்று பாருங்கள். மாதத்தின் முதல் வாரத்தில் ஒரு நாள், சனிக்கிழமை சாயங்காலம் ஒரு நாள். ஃபிரிட்ஜில் தெர்மாமீட்டர் இருக்கிறதா, 2 முதல் 8 டிகிரிக்குள் காட்டுகிறதா, இன்சுலின் பக்கத்தில் பால் பாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். காலாவதி மருந்து தனிப் பெட்டியில் கிடக்கிறதா, எச்1 பதிவேடு நேற்று வரை எழுதப்பட்டிருக்கிறதா என்று புரட்டுங்கள். இவையெல்லாம் சரியாக இருந்தால் முதலாளி ஒழுங்கானவர். 24,000 கேளுங்கள், பி.எஃப். இல்லாததைக் காரணமாகச் சொல்லுங்கள். 23,000 வரை இறங்கலாம். நேரத்தில் மட்டும் இறங்காதீர்கள்.

மூன்றும், அதாவது இரண்டாவது மருந்தாளுநர், எழுத்தில் நேரம், சீட்டு விஷயத்தில் ஆதரவு, கிடைத்தால் அடுத்த மாதமே நோட்டீஸ் கொடுங்கள். இதில் முதலாவது இல்லையென்றால் இந்தக் கடை வேண்டாம். மார்த்தாண்டம், நாகர்கோவிலில் கிளை உள்ள பெரிய மருந்துக்கடை நிறுவனங்களில் கேளுங்கள். விற்பனை இலக்கு என்று நெருக்குவார்கள், ஆனால் பி.எஃப். இருக்கும், பென்ஷனுக்குப் பாக்கியுள்ள ஒன்றேகால் வருடமும் அங்கேயே நிறைந்துவிடும்.