தோழியாகாத அறைத்தோழி (கடிதமும் பதிலும்)

வணக்கம் ஐயா,

நான் வேதியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறேன். கல்லூரி நாட்கள்தான் பொற்காலம், கூட இருப்பவர்களிடம் நன்றியோடு இரு என்று எல்லோரும் சொல்லிக் கேட்டு அலுத்துவிட்டது. எனக்கு அப்படி எதுவும் தோன்றுவதில்லை. என் அறைத்தோழி என் வகுப்புதான். அவளுக்கு வேறு தாய்மொழி, வேறு நம்பிக்கை. நான் நள்ளிரவு தாண்டித்தான் படுப்பேன். அவள் விடியுமுன் எழுந்து மேசை விளக்கைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு படிப்பாள். எங்களுக்குள் சண்டையும் இல்லை, நெருக்கமும் இல்லை. ஒருமுறை நான் காய்ச்சலில் கிடந்தபோது அன்றைய லேப் குறிப்புகளை எனக்காகவும் எழுதிக்கொண்டு வந்தாள். தேங்க்ஸ் என்றேன், அதோடு சரி. பக்கத்து அறைகளில் எல்லோரும் உயிர்த்தோழிகள் ஆகிவிட்டார்கள். என் மனம்தான் குறுகலா? அடுத்த செமஸ்டரில் அறை மாற்றிக் கேட்கலாமா என்றும் யோசிக்கிறேன்.

க.

அன்புள்ள க.,

அந்த விளக்கைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், அதுவும் போகிறபோக்கில். சுவரில் பட்டுத் திரும்பும் மங்கலான வெளிச்சத்தில் பாடம் படிப்பது கண்ணுக்குச் சிரமம். தூங்குகிற உங்கள் முகத்தில் வெளிச்சம் விழக்கூடாது என்பதைத் தவிர அவள் அப்படிச் செய்ய வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. நீங்கள் அதைப் பார்த்திருக்கிறீர்கள், மனதில் வைத்திருக்கிறீர்கள், முகம் தெரியாத எனக்கு எழுதும்போதும் அது விட்டுப்போகவில்லை. குறுகிய மனதுக்கு இதெல்லாம் கண்ணில் படாது.

பொத்தாம்பொதுவாக நன்றியோடு இரு என்றால் யாருக்கும் எதுவும் தோன்றாது. யார், எப்போது, என்ன செய்தார், அதற்காக எதை விட்டுக்கொடுத்தார் என்று தெரியும்போதுதான் மனம் அசையும். ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கலோ என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர் நன்றி சொல்லத்தக்க விஷயங்களை, ஐந்து வரை, வாரம் ஒருமுறை எழுதினார்கள். இன்னொரு பிரிவினர் அந்த வாரம் எரிச்சலூட்டியவற்றை எழுதினார்கள். முதல் பிரிவினருக்குத் தங்கள் வாழ்க்கையைப் பற்றிக் கூடுதல் நிறைவு இருந்தது. நீங்கள் எழுதிப் பார்ப்பதானால் 'நல்ல நண்பர்கள்', 'நல்ல ஆசிரியர்கள்' என்று எழுதாதீர்கள். 'விளக்கைத் திருப்பி வைத்தாள்' என்று எழுதுங்கள்.

உயிர்த்தோழி ஆகவில்லையே என்ற வருத்தத்துக்கு வருகிறேன். ஒருவரைப் பிடிப்பது வேறு, அவர் மாதிரியானவர்களைப் பற்றி நம் மனம் திறப்பது வேறு. இரண்டும் சேர்ந்தே வரவேண்டும் என்று நினைத்துக்கொண்டு பல பிள்ளைகள் வீணாக வருந்துகிறார்கள். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடத்தி 2008இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. விடுதியில் யாருக்கு யார் அறைத்துணை என்பது தற்செயலாக அமைந்த முதலாண்டு மாணவர்களை நடாலி ஷூக், ரசல் ஃபேசியோ என்ற இரு ஆய்வாளர்கள் கவனித்தார்கள். கறுப்பின மாணவரோடு அறையைப் பகிர்ந்த வெள்ளை மாணவர்கள், தங்கள் இனத்தவரோடு தங்கியவர்களைவிடக் குறைவாகத்தான் ஒட்டினார்கள். சேர்ந்து செலவிட்ட நேரமும் குறைவு, திருப்தியும் குறைவு. ஆனால் பருவம் முடிவதற்குள், அவர்களை அறியாமலே உள்ளே கிடந்த இன வெறுப்பு குறைந்திருந்தது. தம் இனத்தவரோடு தங்கியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. ஒரே அறையில் பேச்சுக் குறைவாக, கொஞ்சம் சங்கடமாக இருக்கும்போதும் மனதுக்குள் ஏதோ ஒரு வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆனால் பக்கத்தில் இருந்தால் மட்டும் போதாது. கோர்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954லேயே இதைச் சொல்லிவிட்டார். இரு தரப்புக்கும் சம நிலை வேண்டும், பொதுவாக ஒரு குறிக்கோள் வேண்டும், அதற்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும், நிறுவனத்தின் ஆதரவும் வேண்டும். லேபில் ஒருத்தி எப்போதும் குடுவை கழுவுகிறவளாகவும் இன்னொருத்தி எப்போதும் அளவீடு எழுதுகிறவளாகவும் இருந்தால், வருஷக்கணக்கில் ஒரே மேசையில் நின்றாலும் மனம் திறக்காது. கழுவுகிறவளைப் பற்றிய எண்ணம் இன்னும் கெட்டிப்படும். உங்கள் வகுப்பில் இது நடக்கிறதா என்று பாருங்கள். நடந்தால் முதலில் நீங்கள் குடுவையை எடுங்கள்.

நானும் வேதியியல்தான் படித்தேன். அரசியலில், கடவுள் விஷயத்தில், எதிலும் என்னோடு ஒத்துப்போகாத ஒருவன் என் லேப் கூட்டாளி. டைட்ரேஷனில், அதாவது ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு இன்னொன்றின் செறிவை அளக்கும் சோதனையில், பினாப்தலீன் என்ற நிறங்காட்டி விட்ட கரைசல் நிறம் மாறும் தருணம் உங்களுக்குத் தெரியும். நான் இளஞ்சிவப்பு வந்துவிட்டது என்பேன், அவன் இன்னும் ஒரு சொட்டு என்பான். நிறம் தெளிவாகத் தெரிய, குடுவைக்கு அடியில் வெள்ளை ஓடு ஒன்றை வைப்போம். அவன் குடுவையைச் சுழற்றிவிட்டு, அரை நிமிடம் அந்த நிறம் நிற்கிறதா என்று காத்திருப்பான். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கலந்து அந்தச் சிவப்பு மெல்ல வெளுக்கும் என்பதால் எத்தனை நேரம் பார்ப்பது என்பதிலும் தகராறு வரும். அரசியலைப் போல அங்கே பேசி ஜெயிக்க முடியாது. சொட்டுவிடும் அளவுக்குழாயான பியூரெட்டை மறுபடி நிரப்பி, மறுபடி செய்து, அளவீடுகள் ஒத்துவருகின்றனவா என்று பார்த்தே ஆகவேண்டும். ஒரு நாள் அவன் கண் சரியாக இருக்கும், இன்னொரு நாள் என் கண். பியூரெட்டை அண்ணாந்து படிக்காமல் கண் மட்டத்தில் வைத்து, கரைசலின் அடிவளைவைப் பார்த்துப் படிக்கும் அவனுடைய கண்டிப்பை நம்பித்தான் என் நோட்டை நிரப்பினேன். அவனுடைய கருத்துகளில் ஒன்றைக்கூட நான் ஏற்றுக்கொண்டதில்லை. ஆனால் அப்படிப்பட்ட கருத்து உள்ளவர்கள் அசட்டையானவர்கள், நேர்மையற்றவர்கள் என்று யாராவது சொன்னால் அதன்பிறகு என்னால் நம்ப முடியவில்லை.

காய்ச்சல் நாளுக்கு வருவோம். இருவர் நோட்டுக்கும் எழுதுவதென்றால் வகுப்பு முடிந்து மற்றவர்கள் கிளம்பிய பின்னும் அவள் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு நீங்கள் சொன்ன தேங்க்ஸ் கதவைச் சாத்திக்கொண்டே சொல்லும் தேங்க்ஸ் மாதிரி ஆகிவிட்டது. காலம் கடந்துவிடவில்லை. 'அன்று எனக்கும் சேர்த்து எழுதினாயே, அந்தக் குறிப்பை வைத்துத்தான் ரெக்கார்டு முடித்தேன்' என்று சொல்லிப் பாருங்கள். விளக்கைப் பற்றியும் சொல்லுங்கள். அவள் பதிலுக்கு உருக வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு தலையசைப்போடு அவள் புத்தகத்துக்குத் திரும்பிவிடலாம். அப்படியே இருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். உங்களை மட்டம்தட்டுகிற, பயமுறுத்துகிற யாரிடமும் பரந்த மனம் என்ற பெயரில் நீங்கள் பொறுத்துப்போக வேண்டியதில்லை. உங்கள் அறையில் அப்படி எதுவும் நடப்பதாக நீங்கள் எழுதவில்லை என்பதால்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

அறை மாற்றம் கேட்பதில் தவறே இல்லை. தூக்க நேரம் ஒத்துவராதது நியாயமான காரணம். ஆனால் முதலில் அவளோடு உட்கார்ந்து பேசி, விளக்குக்கும் அலாரத்துக்கும் ஏதாவது ஏற்பாடு செய்ய முடிகிறதா என்று பாருங்கள். நீங்கள் நள்ளிரவு தாண்டி விழித்திருக்கும்போது அவள் எப்படித் தூங்குகிறாள் என்றும் கேளுங்கள், அதை உங்கள் கடிதம் சொல்லவில்லை. அப்புறமும் மாற்றம் வேண்டுமென்றால் வார்டனிடம் விண்ணப்பம் கொடுப்பதற்கு முன்னால் அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். நோட்டீஸ் போர்டில் பட்டியலைப் பார்த்து அவள் தெரிந்துகொள்ளக் கூடாது.

அன்புடன்.