இலையுதிர் காலத்தில் கிறிஸ்தவர்கள் என்ன ஆன்மிகப் பாடம் பார்க்கிறார்கள்?

ஐரோப்பா, வட அமெரிக்கா போன்ற பகுதிகளில் செப்டம்பர் முதல் நவம்பர் வரை இலையுதிர் காலம். அப்போது அங்குள்ள சபைகளில் அடிக்கடி காதில் விழும் கருத்துகள் இரண்டு: அறுவடைக்கு நன்றி சொல்வது, பிடித்து வைத்திருப்பதை விட்டுவிடுவது. முதலாவது நமக்கும் பழக்கம்தான். 1843-இல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் ராபர்ட் ஹாக்கர் என்ற போதகர் நடத்திய நன்றி ஆராதனை அதற்குப் பெயர்பெற்றது, நம்மூர் சி.எஸ்.ஐ. சபைகளின் அறுப்பின் பண்டிகையும் அந்த வகையே.

இரண்டாவதுதான் சுவையானது. பகல் குறுகியதும் மரம் பச்சையத்தைச் சிதைத்து, இலையில் உள்ள நைட்ரஜன் போன்ற சத்துகளைத் தண்டுக்குள் இழுத்துக்கொள்கிறது. வாடகை வீட்டைக் காலி செய்யும்போது சாமான்களை ஏற்றிவிட்டுத்தானே சாவியைக் கொடுப்போம், அதுபோல. அப்புறம் காம்பின் அடியில் ஒரு மெல்லிய அடுக்கு பிரிய, இலை விழுகிறது. விழுந்த தழும்புக்குச் சற்று மேலே பாருங்கள்: அடுத்த வசந்தத்துக்கான மொட்டு ஏற்கெனவே தயார். கோதுமை மணி செத்தால்தான் மிகுந்த பலன் என்னும் யோவான் 12:24-ஐப் போதகர்கள் இங்கே கொண்டுவருவது இதனால்தான்.

இந்த இலைப் பாடம் அப்படியே பைபிளில் இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஏசாயா 64:6-இல் உதிரும் இலை பாவத்தால் வாடிய மக்களுக்கு உவமை, சங்கீதம் 1:3 புகழ்வதோ இலை உதிராத மரத்தை.