மார்மன் சபை பெண்களிடம் எதிர்பார்ப்பது என்ன? கேள்வி பதில்

கேள்வி: மார்மன் ஆண்களுக்கு எத்தனை மனைவிகள்?

ஒருவர்தான். மார்மன்கள் அமெரிக்காவில் தோன்றிய, கிறிஸ்துவை நம்பும் ஒரு சபையினர். பலதார மணத்தைக் கைவிடுவதாக 1890-லேயே அந்தச் சபை அறிவித்துவிட்டது. இன்றும் செய்கிறவர்கள் பிரிந்துபோன சிறு குழுவினர். தயவுசெய்து இரண்டையும் குழப்பாதீர்கள்.

கேள்வி: பெண்கள் வேலைக்குப் போகக் கூடாது என்று விதியே இருக்கிறதா?

விதி கிடையாது, சிக்கலே அதுதான். 1987-ல் சபைத் தலைவர் எஸ்ரா டாஃப்ட் பென்சன், தாய்மார்கள் வேலையை விட்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்று பேசினார். 1995-ல் சபை வெளியிட்ட குடும்பப் பிரகடனம், தலைமை தாங்குவதும் சம்பாதிப்பதும் தகப்பன் பொறுப்பு, பிள்ளை வளர்ப்பு முதன்மையாகத் தாயின் பொறுப்பு என்றது. இருவரும் சமம் என்றும் அதிலேயே இருக்கிறது. மார்மன்கள் நிறைந்த அமெரிக்க மாநிலமான யூட்டாவில் நான் குடியிருந்தபோது பக்கத்து வீட்டுக் கூடத்தில் அதை ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தார்கள். நர்சிங் படிப்பைப் பாதியில் விட்ட அந்த அம்மா அதன் கீழே உட்கார்ந்துதான் பிள்ளைகளுக்குத் துணி மடிப்பார். படிக்காதே என்று அவரை யாரும் தடுக்கவில்லை. "பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று ஞாயிறு ஆராதனை முடிந்ததும் யாராவது அன்பாகக் கேட்பார்கள், அவ்வளவுதான். அவருக்கு நாலாவது பிள்ளை பிறந்தபோது சபைப் பெண்கள் ஒரு வாரம் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த அன்பும் உண்மை, அதனால்தான் எதிர்த்துப் பேச அவருக்கு வாய் வரவில்லை.

கேள்வி: ஆலயத்துக்குள் என்ன சடங்கு?

அவர்கள் புனிதமாகக் காப்பது. சொல்ல மாட்டேன்.

கேள்வி: பெண்கள் குருத்துவம் (சபையில் சடங்கு நடத்தும் அதிகாரம்) பெறலாமா?

முடியாது. பன்னிரண்டு வயதுப் பையனுக்குக் கிடைப்பது அவன் பாட்டிக்குக் கிடைக்காது. அதைக் கேட்டு இயக்கம் நடத்திய கேட் கெல்லியை 2014-ல் சபையிலிருந்து நீக்கினார்கள்.

கேள்வி: ஒருவருக்கு நாலு மனைவி என்கிறார்களே?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: அவர்களே விரும்பி ஏற்றுக்கொண்ட வாழ்க்கை, உங்களுக்கு என்ன?

விரும்பி ஏற்றவர்கள் நிறையப் பேர், நானும் அவர்களை மதிக்கிறேன். ஆனால் அந்தக் குடும்பப் பிரகடனத்தை யாரைக் கேட்டு எழுதினார்கள்? பிரகடனம் வந்தபோது சபையின் பெண்கள் சங்கத் தலைமைக் குழுவில் இருந்தவர் சியேகோ ஒகசாகி, பள்ளித் தலைமையாசிரியராக வேலை பார்த்த தாய். தங்களிடம் கலந்து பேசவில்லை என்று பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார்.

அதே நபர்: மார்மன் பெண்ணின் மரபே வீடுதானே?

இல்லை. யூட்டாவில் பெண்கள் 1870-லேயே ஓட்டுப் போட்டார்கள். 1896-ல் மார்த்தா ஹியூஸ் கேனன் என்ற மார்மன் டாக்டர், தன் கணவரும் நின்ற தேர்தலில் அவரைத் தோற்கடித்து அமெரிக்காவின் முதல் பெண் மாநில செனட்டர் ஆனார். அவர் 1890-க்கு முன்பே நடந்த பலதார மணத்தில் இருந்த மனைவி, பிள்ளை பெற்றவர். மரபு என்றால் அதுவும் மரபுதான்.

கேள்வி: என் மகள் யூட்டாவில், மார்மன் பல்கலைக்கழகம் உள்ள புரோவோ நகரத்தில் படிக்கப் போகிறாள், மதம் மாற்றுவார்களா?

அழைப்பார்கள். "வேண்டாம்" என்று சிரித்தபடி சொல்லப் பழக்கி அனுப்புங்கள். சாப்பிடக் கூப்பிட்டால் போகட்டும்.