எஃப்.ஐ.ஆரைவிடப் பெரிய சிக்கல் வேறு இருக்கிறது

தங்கச்சி, உன் கேள்வியை இரண்டு முறை படித்தேன். ஊரில் வரப்புத் தகராறு. சித்தப்பா வீட்டில் கொடுத்த புகாரில் அப்பா, அண்ணனோடு உன் பெயரையும் எஃப்.ஐ.ஆரில் சேர்த்துவிட்டார்கள். 2021இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை ரத்து செய்துவிட்டது. இப்போது இங்கிலாந்துக்கு வந்து ஓஸ்கி என்ற நர்ஸிங் செய்முறைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாய். இங்கே நர்ஸ்களைப் பதிவு செய்யும் கவுன்சிலான என்.எம்.சி.யின் விண்ணப்பத்தில் நன்னடத்தைக் கேள்விக்கு என்ன போடுவது என்று தெரியவில்லை. ஏஜென்ட் கண்ணை மூடிக்கொண்டு 'நோ' போடச் சொல்கிறார். ஒரே ஒரு மருந்துத் தவறு நடந்தாலும் பதிவைப் பிடுங்கிவிடுவார்களாமே என்ற பயம் வேறு. நடுவில், போகிற போக்கில், உன் பதினொரு மாத அனுபவத்துக்கு இரண்டு வருடம் என்று அவர் சான்றிதழ் வாங்கித் தந்ததையும் எழுதியிருக்கிறாய். எனக்கு அந்த வரிதான் உறுத்துகிறது.

முதலில் எஃப்.ஐ.ஆர். என்.எம்.சி. கேட்பது தண்டனை, போலீஸ் எச்சரிக்கை, நிலுவையில் இருக்கும் குற்றச்சாட்டு, வேறு நாட்டு கவுன்சில் எடுத்த நடவடிக்கை, வேலையைப் பாதிக்கிற உடல்நிலை ஆகியவற்றை. ரத்தான வழக்கில் தண்டனையும் இல்லை, நிலுவையும் இல்லை. ஆக 'நோ' சரியான பதிலாகவே இருக்கலாம். ஆனால் ஏஜென்ட் சொன்னார் என்பதற்காக அதைப் போடாதே. கையெழுத்து உன்னுடையது, அவருடையது அல்ல. நீதிமன்ற உத்தரவின் சான்றிட்ட நகலை அண்ணனிடம் சொல்லி வாங்கி வை. நடந்ததைப் பத்து வரியில் எழுதி, இதைச் சொல்ல வேண்டுமா என்று என்.எம்.சி.க்கே ஒரு மெயில் போடு. வரும் பதிலைப் பத்திரமாக வை. வேலையில் சேர்ந்த 12 வாரத்துக்குள் முதல் ஓஸ்கிக்குப் போயாக வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் அவசரத்தில் நிரப்பத் தோன்றும். இந்தப் பக்கத்தை மட்டும் ஒரு லீவு நாளில் உட்கார்ந்து நிரப்பு.

அடுத்து மருந்துத் தவறு. நான் 2016இல் வந்தவள். 2018இல் ஒரு நைட் ஷிஃப்டில் என் கையாலேயே நடந்ததைச் சொல்கிறேன். 81 வயதுப் பாட்டி, இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்தவர், 45 கிலோகூட இருக்கமாட்டார். பத்து மணிக்கு பாராசிட்டமால் கொடுத்திருந்தேன். பன்னிரண்டுக்கு வலி தாங்கவில்லை என்றார். சார்ட்டில் தேவைப்பட்டால் கொடுக்கலாம் என்று கோ-கோடமால் என்ற வலி மாத்திரை எழுதியிருந்தது. இரண்டு மாத்திரை கொடுத்துவிட்டேன். கையெழுத்துப் போடக் குனிந்தபோதுதான் உறைத்தது. கோ-கோடமாலுக்குள்ளேயே பாராசிட்டமால் இருக்கிறது, ஒரு மாத்திரையில் 500 மில்லிகிராம். ஊரில் நான் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதுகூட இல்லை. நாலு மணி நேர இடைவெளி இருக்க வேண்டிய மருந்து இரண்டு மணி நேரத்தில் இரண்டாம் தடவை போயிருக்கிறது.

ட்ராலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரும் பார்க்கவில்லை. கொடுத்த நேரத்தை இரண்டு மணி என்று எழுதினால் முடிந்தது என்று ஒரு நொடி மனசில் ஓடியது, பொய் சொல்லமாட்டேன். எழுதவில்லை. சிஸ்டரிடம் சொன்னேன், டாக்டரைக் கூப்பிட்டோம். அடுத்த டோஸ்களை நிறுத்தச் சொல்லி, காலையில் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். தவறுகளைப் பதியும் டேட்டிக்ஸ் என்ற கம்ப்யூட்டர் பதிவில் சம்பவத்தை நானே பதிவு செய்தேன். விடிந்ததும் பாட்டியிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "சொன்னதற்கு நன்றி கண்ணு, இப்போதாவது ஒரு டீ கிடைக்குமா?" என்றார். ரத்தத்தில் கோளாறு ஒன்றும் இல்லை. வார்டு மேனேஜர் மூன்று மருந்து ரவுண்டுக்கு எனக்குத் துணையாள் போட்டார், நடந்ததைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வாங்கினார். என்.எம்.சி.க்கு அது போகவே இல்லை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும் ரீவேலிடேஷனுக்கு ஐந்து அனுபவக் குறிப்புகள் எழுத வேண்டும். அந்தத் தடவை முதல் குறிப்பு இதுதான்.

அதே காலத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பெண் சஸ்பெண்ட் ஆனாள். இத்தனைக்கும் நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. இரவு இரண்டு மணிக்கு எடுக்காத ரத்த அழுத்தத்தை எடுத்ததாக எழுதினாள், கேட்டபோது எடுத்தேன் என்று சாதித்தாள். தவறு செய்தவரைத் திருத்தலாம் என்று என்.எம்.சி.யின் விசாரணைக் குழு நினைக்கும். பொய் எழுதியவர் இனி எழுதுவதை எப்படி நம்புவது என்றுதான் யோசிக்கும். அவர்கள் கையில் இருக்கும் நடவடிக்கைகள் நான்கு: ஒன்று முதல் ஐந்து வருடம் வரை பதிவில் நிற்கும் எச்சரிக்கை, மூன்று வருடம் வரை நிபந்தனையோடு வேலை, ஒரு வருடம் வரை சஸ்பென்ஷன், கடைசியாகப் பெயர் நீக்கம். பெயரை நீக்கிவிட்டால் ஐந்து வருடம் கழித்துத்தான் திரும்பக் கேட்கவே முடியும்.

இப்போது புரிகிறதா, நான் ஏன் அந்தச் சான்றிதழைப் பிடித்துக்கொண்டேன் என்று? எஃப்.ஐ.ஆர். உன் மேல் பிறர் போட்டது. இரண்டு வருடம் என்பது நீ கொடுத்த காகிதம். நைஜீரியாவில் ஒரு மையத்தில் நடந்த சி.பி.டி. (என்.எம்.சி. பதிவுக்கான கம்ப்யூட்டர் தேர்வு) மோசடி 2023இல் வெளியே வந்தபோது, தேர்வு எழுதியவர்கள் பதிவு வாங்கியிருந்தும் விசாரணையில் மாட்டினார்கள். என்றைக்கோ முடிந்த விஷயம் என்று யாரும் விடுவதில்லை. நர்ஸிங் ஒழுங்கு வழக்குகள் பார்க்கும் ஒரு சொலிசிட்டரிடம், அதாவது இங்கத்திய வக்கீலிடம், காசு கொடுத்து ஒரு மணி நேரம் பேசு. உன் வேலையும் விசாவும் இதில் மாட்டியிருப்பதால் எப்படித் திருத்துவது என்பதை அவரிடம் கேட்டுச் செய். சுலபமாக முடியும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நன்னடத்தைப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அதைச் செய்துவிடு. யூனியனிலும் இந்த மாதமே சேர். சேர்வதற்கு முன் நடந்தவற்றுக்குப் பொதுவாக அவர்கள் வக்கீல் தரமாட்டார்கள், ஆனால் இனி வருவதற்கு வேண்டும்.

அப்புறம் ஒன்று. ஃபேஸ்புக்கில் உன் பெயருக்குக் கீழே 'ரெஜிஸ்டர்ட் நர்ஸ், யூ.கே.' என்று போட்டிருக்கிறாய். இன்றைக்கே எடுத்துவிடு. பதிவில் இல்லாதவர் ஏமாற்றும் எண்ணத்தோடு அப்படிச் சொல்லிக்கொள்வது இங்கே சட்டப்படி குற்றம். ஆசையில் போட்டேன் என்று நீ சொன்னால் நான் நம்புவேன், படிவத்தைப் பார்க்கிறவர் உன் அக்கா இல்லை.