சண்டைக்கே போகாத ஆமிக்காரன்

கேட்ட கேள்வி: ரெண்டாம் உலகப் போர் நேரம் இலங்கைத் தமிழ் ஆக்கள் ஆரும் ஆமியிலை இருந்தவையோ, போர்முனைக்குப் போகாமல் உள்ளூரிலையே நிண்ட சாதாரண சிப்பாய்க்கு அப்பிடி என்னதான் வேலை?

இருந்தவை. எங்கட அப்பப்பா இருந்தவர். ஆனா வீரக்கதை ஏதும் எதிர்பார்த்தியள் எண்டால் இப்பவே சொல்லிப்போடுறன், அஞ்சு வரியம் துவக்கு வைச்சிருந்த மனிசன் ஒரு கொக்கைக்கூடச் சுடேல்லை.

எங்கட வீடு சுன்னாகம் பக்கம். 1941இலை, இருவத்தொரு வயசிலை, சிலோன் லைட் இன்ஃபன்ட்ரி எண்ட காலாட்படையிலை சேந்தவர். நாட்டுப்பற்று மண்ணாங்கட்டி ஒண்டுமில்லை. இஞ்சை கட்டாய ஆள்பிடிப்பு இருக்கேல்லை, விரும்பினவைதான் போனவை. இவருக்கு அரசாங்கக் கிளாக் வேலைக்கான கிளறிக்கல் சோதினை ரெண்டு தரம் பெயில், வீட்டிலை ஒரே பேச்சு, கோவத்திலை போய்ச் சேந்திட்டார். பூட்டனார் "ஆமிக்குப் போன காவாலி" எண்டு ரெண்டு மாசம் பேரே சொல்லேல்லையாம்.

பேந்துதான் கதை மாறினது. அப்பப்பாவின்ர தமையன் மலாயாவிலை றெயில்வே கிளாக், மாசாமாசம் மணியோடர் வரும், அந்த நாளையிலை யாழ்ப்பாணத்திலை கன வீட்டிலை அடுப்பு எரிஞ்சதே மலாயாக் காசிலைதான். 1942 மாசி (பெப்ரவரி) 15 சிங்கப்பூர் யப்பான்காரனிட்டை விழுந்த கையோட அது நிண்டுது, காசும் இல்லை காயிதமும் இல்லை, ஆள் உயிரோடையோ எண்டே தெரியாது. பங்குனியிலை ரங்கூனும் போச்சு, பர்மா அரிசி வாறதும் நிண்டுபோச்சு. காவாலி அனுப்புற காசுக்குத் தபால்காரனைப் பாத்துக்கொண்டு பூட்டனார் படலையடியிலை நிண்டாராம். அரிசி கூப்பனுக்கு, சங்கக்கடையிலை (கூட்டுறவுக் கடை) வரிசை, அதுவும் காணாதெண்டு கோதம்ப மா குடுத்தவை. பூட்டிக்கு அந்த மாவை எப்பிடிக் கையாளுறதெண்டு தெரியேல்லை, குரக்கன் மா மாதிரி நேரே தண்ணி விட்டுக் குழைக்க பசையாப் போச்சுதாம். முதலிலை மாவை அவிச்சு அரிச்சுப்போட்டுத்தான் புட்டுக்குக் குழைக்கவேணும் எண்டு ஊரிலை ஆரோ கண்டுபிடிக்கிற வரைக்கும் மூண்டு நாள் பசைதான் சாப்பாடு. இப்ப அது எங்கட பாரம்பரியச் சாப்பாடு மாதிரிக் கதைக்கிறம்!

அப்பப்பாவை விட்டது திருகோணமலை, சீனன்குடா எண்ணெய்த் தாங்கியளுக்குக் காவல். வேலை எண்டால் சென்றி (காவல்) நிக்கிறது, கிடங்கு வெட்டுறது, முள்ளுக்கம்பி அடிக்கிறது, திரும்பவும் சென்றி. பெரிய எதிரி நுளம்புதான். மலேரியா மருந்து கொய்னா ஜாவாவிலை இருந்து வாறது, ஜாவாவையும் யப்பான்காரன் பிடிச்சபடியாலை மெப்பாகிரின் எண்டு ஒரு மஞ்சள் குளிசை குடுத்தவை, அதைப் போட்டுப் போட்டு ஆளே மஞ்சளாயிட்டாராம். லீவிலை வந்து றெயிலாலை இறங்க, செங்கமாரி எண்டு நினைச்சு பூட்டி கீழ்க்காய்நெல்லி அரைச்சுப் பருக்கினவவாம். லீவிலை நிக்கேக்கைதான் பலாலியிலை வெள்ளைக்காரன் பிளேன் இறக்க ரன்வே போடுற வேலையையும் பாத்தவர்.

இந்து சமுத்திரத்திலை இருக்கிற கொக்கோஸ் தீவுக்கு அனுப்பின சிலோன் கரிசன் ஆட்டிலறி எண்ட பீரங்கிப்படைப் பெடியள் 42 வைகாசியிலை (மே) கலகம் செய்ய, அவையளிலை மூண்டு பேரை வெலிக்கடைச் சிறையிலை தூக்கிலை போட்டது தெரிஞ்சிருக்கும். அதை இவர் ஆமியை விட்டு வந்தாப்பிறகுதான் முழுசாக் கேள்விப்பட்டவர். இலங்கையிலை இருந்து ஆமியிலை சேந்த எல்லாரும் ராசாவுக்கு விசுவாசமா நிண்டவை எண்டு ஆரும் எழுதினால் நம்பாதேங்கோ.

அவற்ர ஒரே சண்டை 1942 சித்திரை (ஏப்ரல்) 9, காலமை. நாலு நாளுக்கு முன்னம் ஈஸ்டர் ஞாயிறு கொழும்பிலை குண்டு போட்டவங்கள், அண்டைக்குத் திருகோணமலை. இரவு சென்றி முடிச்சு கிடங்குக்குள்ளை இருந்து எனாமல் பேணியிலை பிளேன்ரீ குடிச்சுக்கொண்டிருந்தவராம், சத்தம் கேக்க எங்கட பிளேன் எண்டு எட்டிப் பாத்திருக்கிறார், பக்கத்திலை நிண்ட சார்ஜன்ட் தலையிலை கைவைச்சு அமத்தினபடியாலை தப்பினவர். ஒரு யப்பான் பிளேன் நேரே வந்து எண்ணெய்த் தாங்கி ஒண்டோட மோதினது. நாள்க்கணக்கா எரிஞ்சதாம். (இப்பவும் அங்கை 99 தாங்கி நிக்குது, போனால் பாருங்கோ.) அண்டையோட இவருக்கு இடது காது போச்சு. வீட்டிலை எல்லாரும் வலப்பக்கமா நிண்டுதான் கதைக்கிறது, சின்னப்பிள்ளையிலை எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் மரியாதையே அதுதான்.

46இலை வந்திட்டார். சங்கக்கடையிலை வேலை, கலியாணம், பிள்ளையள். ஒரு மெடல் குடுத்தவை, ஒரு பக்கம் ஆறாம் ஜோர்ஜ் ராசாவின்ர தலை, மற்றப் பக்கம் சிங்கம் ஒண்டு ரெட்டைத்தலை டிராகனை மிதிச்சுக்கொண்டு நிக்கும். அப்பம்மா அதைச் சீனிப் பேணிக்குள்ளை போட்டு வைச்சிருந்தவ. 95 இடப்பெயர்விலை பேணியோட போச்சு.

ஊரிலை "சுடாத ஆமி" எண்டு பகிடி பண்ணுவினம், அவரும் சிரிப்பார். ஆனா 1990இலை பொம்பர் அடி (விமானக் குண்டுவீச்சு) துவங்க, பங்கர் (பதுங்குகுழி) எப்பிடி வெட்டுறதெண்டு கேக்க ஒழுங்கையிலை உள்ள எல்லாரும் அவரைத்தான் தேடி வந்தவை. எழுவது வயசு, தடியாலை மண்ணிலை கீறிக் காட்டினார், 'ட' எழுத்து மாதிரி வெட்டு, ஒரு பக்கம் விழுந்தால் மற்றப் பக்கத்துக்குச் சிதறல் வராது எண்டு. மூண்டு முழம் போகேக்கையே எங்கட ஊர்ச் சுண்ணாம்புக்கல்லு, அலவாங்கு போட்டுக் கை கொப்பளிச்சு சித்தப்பா சலிச்சுப்போய், நேரா வெட்டினால் காணாதோ எண்டு கேட்டார். "நேரா வெட்டினால் பிரேதம் வைக்கத்தான் சரி" எண்டார் அப்பப்பா. பேந்து ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. மேலை பனங்குத்தி அடுக்கி, உரப்பையிலை செம்மண் நிரப்பிப் போட்டம்.

எங்களை எல்லாம் உள்ளை விட்டுப்போட்டு அவர் வரமாட்டார். வாசலிலை கதிரையைப் போட்டு, பேணியிலை தேத்தண்ணியோட இருப்பார், ஆரும் கேட்டால் "நான் சென்றி" எண்டுவார். அம்மா உள்ளை இருந்து "மாமா, உள்ளை வாங்கோ மாமா" எண்டு தொண்டை கிழியக் கத்துவா. கதிரையை அவர் எப்பவும் ஒரே மாதிரித்தான் போடுறது, இடது காது பங்கர் வாசல் பக்கம் இருக்கிற மாதிரி.